மாமன் சீர் லேப்டாப்

ஏனுங்கக்கா, மடியில வெச்சிருக்கறது லேப்டாப்புங்களா? அட்டைப்பெட்டியைப் பார்த்ததுமே நெனச்சேன். பாப்பாவை ஹாஸ்டல்ல சேர்க்கறீங்களா? ரூம்ல எத்தனை பேரு? மூணு பேரா? அடக் கடவுளே.

இல்லீங்க, நான் எதுக்குங்க உங்களைப் பயமுறுத்தறேன். கரூருக்கே இன்னும் அரை மணி நேரம் இருக்குது, திருச்சி அதுக்கும் அக்கட்ட. சும்மா ஜன்னலைப் பார்த்துட்டு வர்றதுக்கு நாலு விவரம் தெரிஞ்சுக்கலாமில்லீங்களா. பட்டவ சொல்றேன், கேட்டுக்கங்க.

என்ற பேரு பூங்கொடிங்க. கொடுமுடி. எங்கூட்டுக்காரர் உரக்கடை வெச்சிருக்காரு. வாயில்லாப் பூச்சி. அவரு பேசறதை விட கடையில தராசு அதிகமாச் சத்தம் போடும். ஒரே பையன், தரணீஷ். போன ஆடி முடிஞ்சு திருச்சிப் பக்கம் இன்ஜினியரிங் சேர்த்தோம். லேப்டாப் எங்கண்ணன் வாங்கிக் குடுத்தாரு. அண்ணனுக்கு ஈரோட்டுல ஹார்டுவேர் கடை. பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி, எல்லாம் நம்ம கடைதான். "பூட்டு விக்கறவனைக் கேளு, நாட்டுல எத்தனை திருடன்னு சொல்லுவான்"ம்பாரு. அந்தக் குடும்பத்துல பொறந்தவ நான். எனக்குச் சொல்லியா தரோணும்?

மொத வேலையா அந்த லேப்டாப் மேல பேர் வெட்டச் சொன்னேன். பேர் வெட்டின சாமானைத் திருடன் எங்க கொண்டுபோய் விப்பான், சொல்லுங்க. பாத்திரக் கடையில பேர் வெட்டற ஆளைக் கூப்பிட்டா, அவன் பயந்துட்டான். "அம்மணி, குண்டா, குடம்னா பரவாயில்லை, இது உள்ள என்ன இருக்கோ"ங்கறான். "மூடி மேல மெதுவா வெட்டுய்யா, உள்ள இருக்கறதை நான் பார்த்துக்கறேன்"னேன். 'சா. தரணீஷ், கொடுமுடி'ன்னு எழுதிக் குடுத்தேன். அவனும் அழகா வெட்டினான். வெட்டிட்டு, பழக்க தோஷம், யாரு வாங்கிக் குடுத்ததுன்னு பேச்சுவாக்குல கேட்டுட்டு, கீழே 'மாமன் சீர்'ன்னும் சேர்த்து வெட்டிப்புட்டான். எங்கண்ணனுக்குச் சந்தோசம் தாங்கலை. பையன்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். காலேஜுக்குப் போன மறுநாளே அதுமேல ஏதோ பொம்மைப் படத்தை ஒட்டி மறைச்சுட்டான். திருடன் பண்ண வேண்டிய வேலையை இவனே பண்ணி வெச்சான் பாருங்க. என்ற புத்தி அவனுக்கு வரலை. அவங்கப்பா புத்தி.

அப்புறம் பூட்டு. லேப்டாப் ஓரத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், மூக்குத்தி ஓட்டையாட்டம். ஹாஸ்டலுக்குப் போனதும் பிரிச்சுப் பாருங்க. அதுல மாட்டற மாதிரி கம்பிவடப் பூட்டு வருது. அதை இரும்புக் கட்டில் கால்ல ஒரு சுத்துச் சுத்திப் பூட்டினேன். பூட்டிட்டு நிமுந்தா, பக்கத்துக் கட்டில்ல இருந்த பையன், முகுந்தன்னு பேரு, கும்பகோணம், ஆப்பிளைத் தின்னுக்கிட்டே சொல்றான், "ஆன்ட்டி, கட்டிலை லேசாத் தூக்கினா வயர் அடியில கழண்டு வந்துருமே."

நல்ல வீட்டுப் பையனுக்கு இந்த ரோசனை எப்படிங்க வரும்? அன்னைக்கே அவனை மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் அண்ணன் வெல்டிங் பண்ற ஆளோட போனாரு. வாட்ச்மேன்கிட்ட கட்டில் ஆடுதுன்னு சொல்லிட்டு, கட்டில் சட்டத்துல ஒரு வளையம் வெச்சுப் பத்த வெச்சுட்டு வந்தாரு. இனி கட்டிலோட சேர்த்துத்தான் திருடணும். மூணாவது மாடி. தூக்கட்டும் பார்ப்போம்.

இன்னொருத்தன் ஆல்வின். உவரிப் பக்கம். அப்பா கடலுக்குப் போறவரு, அம்மா மீன் விக்கறாங்களாம். நான் யாரையும் தாழ்வாச் சொல்றவ இல்லீங்க, எல்லாரும் மனுசங்கதான். ஆனா நீங்களே நெனச்சுப் பாருங்க. அவன்கிட்ட இருக்கறது பள்ளிக்கூடத்துல கவர்மெண்டு குடுத்த லேப்டாப்பு. செங்கல்லைத் தூக்கற மாதிரி தூக்கோணும். அதைப் பூட்டறதும் இல்லை, எடுத்து வெக்கறதும் இல்லை. கட்டில் மேல கிடக்கும். எந்த ரூம் பையன் வந்தாலும் எடுத்து உபயோகப்படுத்திட்டுப் போவான். பொருளோட அருமை தெரிஞ்சாத்தானே! அப்படிப்பட்டவன் பக்கத்துல இப்படி ஒரு சாமான் மினுமினுன்னு இருந்தா மனசு ஆடுமா ஆடாதா? பேச்சும் கம்மி. எதைச் சொன்னாலும் "சரிங்க ஆன்ட்டி"தான். அதிகம் பேசாதவனை நான் நம்ப மாட்டேனுங்க. எங்கூட்டுக்காரரு வேற, அவருக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்லை.

மூணு பேருக்கும் முறை போட்டுக் குடுத்தேன். ரூம் எப்பவும் காலியா இருக்கப்படாது. ஒருத்தன் குளிக்கப் போனா ஒருத்தன் காவல், ஒருத்தன் சாப்பிடப் போனா ஒருத்தன் காவல். முகுந்தன் கேக்கறான், "ஆன்ட்டி, எங்களுக்கு யூனிஃபார்ம் உண்டுங்களா?" ஆல்வின் மட்டும் "நான் இருந்துக்கறேன் ஆன்ட்டி, அவங்க போயிட்டு வரட்டும்"னான். பாருங்க, எப்படி முந்திக்கறான்! அப்பவே எனக்கு உறுத்துச்சு.

என்ற போன்லயும் ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க. லேப்டாப் எங்க இருக்குதோ அங்க பச்சைப் புள்ளி காட்டும். காலையில எந்திரிச்சா சாமி படத்துக்கு முன்னால அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பேன். பொழுதோட ஏழு மணிக்கு வீடியோ கால். "லேப்டாப்பைக் காட்டு. பூட்டைக் காட்டு. இழுத்துக் காட்டு. ஜன்னலைக் காட்டு. சரி, ரூம்ல யார் யாரு இருக்கா, காட்டு." முகுந்தன் தினமும் கும்பிடு போடுவான், "வணக்கம் ஆன்ட்டி, நாங்க இன்னும் திருடலை." என்ன மரியாதையான பையன்! அவனைப் போய் மொதல்ல தப்பா நெனச்சனேன்னு இருந்துச்சு. ஆல்வின் அந்த நேரம் பார்த்து மட்டும் எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயிருவான். போனை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுவேன். தரணீஷ் திருப்ப மாட்டான். "அவன் போகட்டும் விடும்மா"ம்பான்.

இப்படி ரெண்டு மாசம். ஒரு நாள் தவறுனதில்லைங்க. ஒரு நாள் தாலி கட்டற நேரத்துல ஏழு மணி ஆயிப்போச்சு, மண்டபத்துக்கு வெளியே வந்து பூட்டைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போனேன். இல்லீங்க, தாலி சாயங்காலமா கட்டுவாங்கன்னு கேக்காதீங்க, அது ரிசப்ஷன். ஏதோ ஒண்ணு கட்டினாங்க.

ஐப்பசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. கால் பண்றேன், "லேப்டாப்பைக் காட்டு"ங்கறேன். பையன் கேமராவைத் திருப்பாம என்ற மூஞ்சியையே பார்க்கறான். "லேப்டாப் ரூம்ல இல்லைம்மா. நான் வந்து..."

எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சுங்க. "ஒரு வார்த்தை பேசாதே! எடுத்தவன் பக்கத்துலயே இருப்பான்!"ன்னு வெச்சுட்டேன். அவன் ஏதோ சொல்ல வந்தான்தான். பதட்டத்துல இருக்கற பையன் என்ன பெருசாச் சொல்லிருவான்? திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். நான் எடுக்கவே இல்லை. போன்ல பேசினா எடுத்தவன் உசாராயிருவான். பச்சைப் புள்ளியைப் பார்க்கறேன், அது ஹாஸ்டல் மேலயேதான் நிக்குது. புரியுதுங்களா? பொருளு கட்டடத்தை விட்டு வெளியே போகலை. அப்ப எடுத்தவன் உள்ளேயே இருக்கான். போலீஸ்காரங்களுக்கு ரெண்டு நாள் ஆகும் இதைக் கண்டுபிடிக்க. நான் நின்ன இடத்துல கண்டுபிடிச்சேன்.

எங்கூட்டுக்காரரு, "பையன் என்னமோ சொல்ல வர்றான், கேட்டுட்டுப் போலாமே"ன்னாரு. அவரை எப்பக் கேட்டு நாம எதைப் பண்ணினோம்? மறுநாள் காலையில அண்ணன் கார்ல கிளம்பிட்டோம்.

போனா, வார்டன் இல்லை. தங்கச்சிக்கு நிச்சயதார்த்தமாம். காலேஜ் நடக்குது, ஹாஸ்டல்ல ஈ காக்கா இல்லை. வாட்ச்மேன், "பசங்க ஹாஸ்டலுங்க, லேடீஸ் மேல போகப்படாது"ங்கறான். "லேப்டாப் திருடலாம், லேடீஸ் போகப்படாதா?"ன்னு கேட்டேன். வழி விட்டுட்டான்.

ரூம்ல யாரு இருக்கறா? ஆல்வின். பட்டப்பகல்ல, காலேஜுக்குப் போகாம, போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கான். எங்களைப் பார்த்ததும் எந்திரிச்சான், கை சுவத்தைப் பிடிக்குது. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்குது. குத்தம் பண்ணினவன் முகம் வேற எப்படிங்க இருக்கும்?

"தம்பி, பொட்டியைத் திற"ன்னாரு அண்ணன்.

கட்டிலுக்கடியில ஒரு தகரப்பொட்டி, பூட்டிக் கிடக்குது. பார்த்தீங்களா? லேப்டாப்பைத் திறந்து போட்டிருக்கறவன் பொட்டியை மட்டும் பூட்டியிருக்கான்.

"ஆன்ட்டி, தரணீஷ் லேப்லதான் இருக்கான். அவன் வரட்டும் ஆன்ட்டி."

"அவன் எதுக்கு? பொட்டி உன்னுதுதானே?"

"என்னோடதுதான். அதுல உங்க பொருள் எதுவும் இல்ல."

"இல்லைன்னா திறக்கறதுக்கு என்ன?"

அவன் பொட்டி முன்னால காலை மடக்கி உக்காந்துக்கிட்டான். அதுக்குள்ள வராண்டாவுல நாலஞ்சு பசங்க சேர்ந்துட்டாங்க, அப்புறம் பத்துப் பதினஞ்சு. எங்கண்ணனுக்கு முப்பது வருசப் பூட்டுக்கடை. அந்தப் பூட்டைப் பார்த்துச் சிரிச்சுட்டாரு. "இது நம்ம கடையில கடைசி ரகம்டா தம்பி"ன்னு ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினாரு, அவ்வளவுதான்.

உள்ளே நாலு சட்டை, ஒரு மாதா படம், ஒரு பொட்டலம் சுக்குக் கருப்பட்டி. அடியில துணிப்பை. லேப்டாப் சைசு. அண்ணன் பையைக் கவுத்தாரு. பூரா மாத்திரை அட்டைங்க! கூட ஒரு ஆஸ்பத்திரி ஃபைலு. எங்கண்ணனுக்கு எதைக் கண்டாலும் சத்தமாப் படிக்கற பழக்கம், சின்ன வயசுல இருந்தே. "நரம்பியல் பிரிவு... வலிப்பு நோய்... ஆறு வருசமா..."ன்னு படிச்சுட்டாரு.

வராண்டாவுல இருந்த பசங்க அத்தனை பேரும் கேட்டுட்டாங்க.

அந்தப் பையன் அழுவான்னு பார்த்தேன். அழலைங்க. கீழே உக்காந்து ஒவ்வொரு அட்டையா எடுத்துப் பையில போட்டான். கட்டிலுக்கடியில ஒண்ணு போயிருந்துச்சு, கை எட்டலை. நான்தான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன். என்ன இருந்தாலும் இரக்கம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. வாங்கிட்டு "தேங்க்ஸ் ஆன்ட்டி"ங்கறான். அப்பவும் நிமுந்து பார்க்கலை.

அப்பத்தான் தரணீஷ் ஓடி வர்றான், மூச்சிரைக்க. யாரோ லேபுக்குப் போயிச் சொல்லியிருக்காங்க. பொட்டியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். பெத்தவளைப் பார்க்கற பார்வையாங்க அது?

"லேப்டாப் வார்டன் ரூம் பீரோவுல இருக்கும்மா. நான்தான் குடுத்து வெச்சேன். லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதைத்தான் நேத்து சொல்ல வந்தேன்."

எனக்கு உசுரே திரும்பி வந்துச்சுங்க. "அப்பாடா, பத்திரமா இருக்குதா! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"ன்னேன். தப்பா? நல்ல விசயம்தானே. பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கான், என்ற பையன்!

"எதுக்குக் குடுத்தேன்னு கேளும்மா"ங்கறான்.

"பாதுகாப்புக்குத்தான்."

"இல்ல. அது இந்த ரூம்ல இருக்கற வரைக்கும் நாங்க மூணு பேரும் மனுசங்களா இருக்க முடியலை. தினமும் ஏழு மணிக்கு நான் இவங்களைத் திருடங்களாட்டம் கேமராவுல காட்டறேன். எனக்கு வெக்கமா இருக்கு. ரெண்டு வாரமா நான் ஆல்வின் லேப்டாப்புலதான் படிக்கறேன். நீ பார்க்கறதுக்கு மட்டும் சாயங்காலமானா போய் அதை வாங்கிட்டு வந்து காட்டிட்டு, திரும்பக் குடுத்துட்டு வந்தேன். நேத்து வார்டன் ஊருக்குப் போயிட்டாரு."

கேட்டீங்களா? ரெண்டு வாரமா என்னை ஏமாத்தியிருக்கான்! யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்? சகவாசம்.

"சரி, அதை விடு. இவனுக்கு இருக்கற சீக்கு உனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"தெரியும். காலையில அஞ்சு மணிக்கு வந்துச்சு. நானும் முகுந்தனும்தான் பார்த்துக்கிட்டோம். எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும்... தெரிஞ்சிருந்துச்சு."

இவன் லேப்டாப்பைப் பார்ப்பானா, ஊரான் சீக்கைப் பார்ப்பானா? படிக்க அனுப்பினமா, நர்சு வேலைக்கு அனுப்பினமா? நல்லவேளை நான் போனேன். இல்லைன்னா வருசம் பூரா இது எனக்குத் தெரியாமயே போயிருக்கும்.

மறுநாள் வார்டன் வந்து லேப்டாப்பைக் குடுத்தாரு. பையன், "எடுத்துட்டுப் போயிரும்மா, எனக்கு வேண்டாம்"னுட்டான். இப்ப வீட்டுல பீரோவுலதான் இருக்குது, பட்டுச்சேலைக்கு நடுவுல. ஒரு கீறல் இல்லை. பச்சைப் புள்ளி எங்கூட்டு மேலயே நிக்குது. பார்க்கறதுக்கே நிம்மதி.

நான் காலேஜுக்கு ஒரே ஒரு லெட்டர்தானுங்க எழுதினேன். அந்தப் பையனை அனுப்புங்கன்னு எழுதலை. சத்தியமா எழுதலை. 'மற்ற மாணவர்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு ஆவன செய்யவும்'னுதான் எழுதினேன். பெத்தவங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன், இன்னும் பதினொரு அம்மாமாரு கையெழுத்துப் போட்டாங்க. காலேஜ்ல என்ன பண்ணினாங்கன்னா, டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் ஹாஸ்டல் வேண்டாம், வெளியே தங்கிக்கச் சொல்லிட்டாங்க. அது அவங்க முடிவு. அதுக்கு நான் என்ன பண்றது?

அவன் தகரப்பொட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே என்ற பையனும் ரூமைக் காலி பண்ணிட்டுக் கூடவே போயிட்டான். வெளியே எங்கயோ மாடி ரூமாம். ரெண்டு பேரும் சேர்ந்து. எங்கேன்னு என்கிட்டச் சொல்லலை. போன் பண்ணினா எடுக்கறதில்லை. "நல்லா இருக்கேன்"னு வாரத்துக்கொரு மெசேஜ். நாலு மாசமாச்சுங்க. பொங்கலுக்கும் வரலை. மொத கரும்பை யாருக்கு வெட்டறதுன்னு தெரியாம மூலையில சாத்தி வெச்சேன், அப்படியே காஞ்சு போச்சு.

ச்சே. பஸ்ஸுல தூசி. கண்ணைத் திறக்க முடியறதில்லை.

இப்ப அங்கதான் போறேன், காலேஜ் ஆபீசுக்கு. இது மூணாவது தடவை. அட்ரஸ் குடுங்கன்னா குடுக்க மாட்டேங்கறாங்க. ஆபீஸ்ல இருக்கற பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டுச் சொல்லுது, "பாதுகாவலர்னு உங்க பேர் இல்லைங்க மேடம், மாத்தியிருக்காங்க. அப்பா பேர்தான் இருக்கு. கையெழுத்தும் அவர்தான் போட்டிருக்காரு. அவர்கிட்டயே கேளுங்களேன்." பாதுகாவலராம்! தன்ற செருப்பையே கோயில் வாசல்ல தொலைச்சுட்டு வர்ற மனுசன். வீட்டுக்கு வந்து கேட்டா, "காலேஜ்ல கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன், எதுக்குன்னு யாரு படிச்சா"ங்கறாரு. அப்படித்தான் இருக்கும். அவரு எதைப் படிச்சாரு?

எனக்கு அட்ரஸ் வேற எதுக்குங்க? போய்ச் சண்டையா போடப் போறேன்? மாடி ரூம்ங்கறாங்க, கதவுக்கு என்ன தாழ்ப்பாள் இருக்குதோ. வீட்டுக்காரன் ஒரு சாவி வெச்சிருப்பான். ஒரு தடவை பார்த்துட்டா நான் பாட்டுக்குத் திரும்பிருவேன். அந்தப் பையன் இருந்தாலும் பேசறேன். மாத்திரை எல்லாம் நேரத்துக்குச் சாப்பிடறானான்னு கேக்கறேன். எனக்கென்ன பகை?

எங்கூட்டுக்காரரையும் கூப்பிட்டேன். வர மாட்டேனுட்டாரு. விடியறதுக்குள்ள கிளம்பிட்டாரு, மணப்பாறையில காதுகுத்தாம். அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க. இருவது வருசமா எந்த விசேசத்துக்குக் கூப்பிட்டாலும் கடையை விட்டு நகராத மனுசன், இந்த நாலு மாசமா மாசம் ரெண்டு விசேசம். எல்லாம் திருச்சிப் பக்கம். யாருங்க சொந்தக்காரங்கன்னா, உரக் கம்பெனியில பழக்கம்ங்கறாரு. ஒரு தடவையாச்சும் தேங்காய் போட்ட தாம்பூலப் பை வந்திருக்கோணுமே? வராது. போறப்ப மட்டும் என்கிட்ட புளிசாதம், அரிசிப்பருப்புச் சோறு, எள்ளுருண்டை எல்லாம் கட்டி வாங்கிட்டுப் போறாரு. விசேச வீட்டுக்குச் சோறு கட்டிட்டுப் போற ஆளை நீங்க எங்காச்சும் பார்த்திருக்கீங்களா? அதுவும் மூணு ஆள் சோறு. கேட்டா, பஸ்ஸுல பசிக்குதுங்கறாரு. அவரு எள்ளைக் கையால தொட மாட்டாருங்க.

வயசானா மனுசங்களுக்கு என்னென்னமோ ஆகுது, என்ன பண்றது. நானும் ஒண்ணும் கேக்கறதில்லை. இன்னைக்கு நாலு மணிக்கே எந்திரிச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் சேர்த்தே கட்டிக் குடுத்தேன்.